கட்டுப்பாட்டுக் குழுவின் ஒரே அங்கத்தவர்

கற்பிட்டிக் குடாநாடு வரைபடத்தில் ஒரு சுட்டுவிரலைப் போல நீண்டு கிடப்பதன் காரணத்தைப் புவியியலாளர்கள் இதுவரை விளக்கவில்லை. விளக்கம் எளிது. அது எங்கள் நிலையத்தைச் சுட்டிக் காட்டுகிறது.

'கரையோரக் கல்வி மற்றும் தொழிற்பயிற்சியில் அணுகல், பன்மைத்துவம், மாற்றம் ஆகியவற்றுக்கான ஆய்வு நிலையம்' என்பது முழுப்பெயர். பெயர்ப்பலகை வாயிலைவிட அகலமாகிவிட்டதால், வாயிலின் ஒரு கதவை நிரந்தரமாகப் பூட்டி அதன்மேல் பலகையைப் பொருத்தியிருக்கிறோம். 'அணுகல்' என்ற சொல் சரியாகப் பூட்டுக்கு மேலே வருகிறது.

நான் அங்கே ஆய்வு உதவியாளன். பெயர் கிளைட்டன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுவதைத் தமிழாக்குவது என் கடமை. மூன்று மொழிகளும் சமம் என்பது நிலையத்தின் கொள்கை. ஆகவே தமிழுக்கென்று கடைசி நாள் பின்னேரம் தவறாமல் ஒதுக்கப்படும்.

பணிப்பாளர் கலாநிதி றொகான், அணுகல் பற்றி அண்மையில் உலகில் வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் சேகரித்து அலுமாரியில் வைத்திருப்பவர். அலுமாரிச் சாவி அவரிடம் மட்டுமே உண்டு. கரையோர இளையோருக்குப் பயிற்சி கிட்டாததற்குத் தூரம், பால்நிலை, இடப்பெயர்வு ஆகிய மூன்றும் காரணம் என்று அந்த ஆய்வுகள் சொல்கின்றனவாம். தூரத்தை நேரில் ஆராய நாங்கள் நிலையத்தின் படகிலேறி உச்சமுனைத் தீவுக்குப் போனோம். மக்கள் தூரத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு திரும்பினோம்.

ஆய்வு என்றால் ஆராய ஒரு பயிற்சியும் வேண்டுமல்லவா? அதற்காகப் படகு எஞ்சின் திருத்தும் பாடநெறியொன்றை நடத்துகிறோம். பயிலுநர்கள் ஆறு மாதமும் திரையில் எஞ்சினின் படத்தைப் பார்ப்பார்கள். உண்மையான எஞ்சின் ஒன்றும் உண்டு. நன்கொடையாளர் வரும்போது பார்ப்பதற்காக அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்தப் பாடநெறிக்குத்தான் சிபானா விண்ணப்பித்தாள். வாயிலுக்கு நேரெதிர் வீடு. வாப்பா மஹ்ரூபின் படகு எஞ்சின் கரையில் நின்றுவிடும் போதெல்லாம் அதற்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு குந்தியிருப்பவள். கற்பிட்டி இறங்குதுறையடியில் எஞ்சின் கடை வைத்திருக்கும் சாள்ஸ் அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தார்: "சான்றிதழ் ஒண்டு கொண்டா, அடுத்த நாளே வேலை. எஞ்சின் கம்பெனிக்காரன் வந்தா முதல்ல சுவரைத்தான் பாப்பான். சுவரில தொங்க ஒண்டுமில்லையெண்டா என்ட ஏஜென்சியைப் பறிச்சுப்போடுவான்."

ஆகவே அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சான்றிதழ். விண்ணப்பத்தில் 'நிலையத்தை அணுகும் வழி' என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் பஸ், படகு, சைக்கிள் என்று எழுதியிருந்தார்கள். சிபானா எழுதினாள்: 'எதிர்வீடு. கூப்பிட்டால் கேட்கும்.'

பணிப்பாளர் அந்த வரியைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். உடனே அவளையும் அவள் உம்மா நஃபீஸாவையும் அழைத்துவர என்னை அனுப்பினார்.

"தங்கச்சி, நீங்கள் எங்களுக்கு மிகவும் தேவை," என்றார்.

"அப்ப எடுங்க சேர்."

"எடுத்தால் நீங்கள் பயிற்சி பெற்றவராகிவிடுவீர்களே."

"அதுக்குத்தானே வந்த."

பணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத ஒருவர் வேண்டும். மற்றவர்களைத் தூரம் தடுக்கிறது. இவளைத் தூரம் தடுக்கவில்லை. விஞ்ஞானத்துக்கு இப்படியோர் ஆள் கிடைப்பது அபூர்வம்.

"அப்ப என்னை எது தடுக்குது சேர்?"

"அதைத்தான் நாங்கள் ஆய்வு செய்யப்போகிறோம்."

கடைசியில் அவர் அறிவித்தார்: "உங்களைக் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறோம்."

நஃபீஸா உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "கட்டுப்பாட்டுக் குழுவா? எண்ட புள்ள என்ன பிழை செஞ்ச? ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, அவக்கு ஒரு கட்டுப்பாடும் தேவல்ல."

"இல்லை அம்மா, அது ஒரு கௌரவம். ஆய்வில் இவர் ஒரு மாறி."

"மாறினா நல்லந்தானே."

"மாறக் கூடாது," என்றார் பணிப்பாளர், கண்டிப்பாக. "ஐந்து வருடத்துக்கு."

பிறகு படிவத்தை நிரப்பினேன். பால்நிலை: பெண். வகுதி: இடம்பெயர்ந்தவர்.

"நான் இங்கதானே பொறந்த," என்றாள் சிபானா.

"உங்கட உம்மா சண்டைக் காலத்தில மன்னாரிலயிருந்து வந்தவதானே," என்றேன்.

"அவ வரக்குள்ள இடுப்பில தூக்கிக்கொண்டு வந்த புள்ள. அவக்கே மன்னார் ஞாபகமில்ல. நான் எங்கயிருந்து இடம்பெயர்ந்த, முன்வாசல்லயிருந்து குசினிக்கா?"

படிவத்தில் 'இங்கேயே இருப்பவர்' என்ற கட்டம் இல்லாததால் இடம்பெயர்ந்தவர் என்பதே நின்றது.

அன்றிலிருந்து நிலையம் சிபானாவை மிகுந்த அக்கறையோடு பயிற்சியின்றிப் பாதுகாத்தது. எங்கள் கையேட்டின் அட்டையில் 'பன்மைத்துவம்' என்ற தலைப்பின் கீழ் கையில் ஸ்பனரோடு சிரிப்பவள் அவள்தான். ஸ்பனரும் அவளுடையதுதான், நிலையத்தில் இருக்கவில்லை. வருடம் தவறாமல் நான் வீதியைக் கடந்து நேர்காணலுக்குப் போவேன்.

"இவ்வருடமும் பயிற்சி கிட்டவில்லையா?"

"நீங்கதானே தரல்ல."

'கிட்டவில்லை' என்று எழுதிக்கொண்டு திரும்புவேன்.

இப்படியாக ஆய்வு முற்றுப்பெற்ற வருடத்தில் சிபானா பாடநெறிக்கான வயதெல்லையையும் தாண்டினாள். இனி நிலையம் விரும்பினாலும் சேர்க்க முடியாது. 'வயது' என்ற புதிய தடையொன்று கண்டுபிடிக்கப்பட்டதாகப் பணிப்பாளர் கொழும்புக்கு அறிவித்தார்.

அறிக்கை வெளியீட்டு விழாவில் ஆய்வுக்கு உதவியோரைக் கௌரவிக்க வேண்டும் என்று நன்கொடையாளர் கேட்டிருந்தனர். பணிப்பாளர் தாராள மனதோடு, கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் தங்க முத்திரையிட்ட சான்றிதழ் வழங்கத் தீர்மானித்தார். வாசகம் அவருடையதே: 'இவர் படகு எஞ்சின் திருத்துவதில் தேர்ச்சியற்றவர் என இத்தால் சான்றுபடுத்தப்படுகிறது.'

விழாவுக்கு முதல் நாள் சிபானா என்னை வாயிலில் பிடித்தாள்.

"கிளைட்டன், எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சான்றிதழாமே?"

"ஓம். தங்க முத்திரையோட."

"தமிழ் ஆரு எழுதுற?"

"நான்தான்."

"எப்ப?"

"இண்டைக்குப் பின்னேரம். கடைசி நாள்தானே."

அவள் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "அவசரத்தில எழுதினா பிழை வரும் என்ன?"

"வரலாம்."

"பாவம்," என்று சொல்லிவிட்டு வீதியைக் கடந்து போய்விட்டாள்.

பிழை வந்துவிட்டது. 'தேர்ச்சியற்றவர்' என்பதில் யகரத்துக்குக் கீழே ஒரு வால் முளைத்து, 'தேர்ச்சியுற்றவர்' என்றாகிவிட்டது. மற்ற இரு மொழிகளும் குற்றமற்றிருந்தன. அரச அலுவலகமொன்றில் எழுத்துப் பிழையில்லாத தமிழ்ப் பலகையைக் கண்டவர்கள் தயவுசெய்து அறியத்தரவும். அதுவரை நான் மரபை மீறவில்லை என்றே கருதப்பட வேண்டும்.

மேடையில் பணிப்பாளர் சான்றிதழைக் கையளித்தார். சபை கைதட்டியது. சிபானா இறங்கி நேரே இறங்குதுறைக்கு நடந்தாள். களப்பணி இன்னும் முடியவில்லை என்று கருதி நானும் பின்னால் போனேன்.

சாள்ஸ் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று மொழிகளையும் வாசித்தார்.

"பிள்ளை, சிங்களத்தில ஏலாதெண்டு கிடக்கு. இங்கிலிசிலயும் அப்பிடித்தான் போல. தமிழில ஏலுமெண்டு கிடக்கு. எதை நம்புறது?"

"உங்கட கடைக்கு ஆரு எஞ்சின் கொண்டுவாற, சாள்ஸ் அங்கிள்?"

"எங்கட ஆக்கள்தான்."

"எஞ்சினுக்கு என்னவெண்டு எந்தப் பாஷையில சொல்லுவாங்க?"

சாள்ஸ் அண்ணன் யோசித்தார். "அதுவும் சரிதான். இந்தக் கரையில எஞ்சின் தமிழிலதான் பழுதாகுது." ஆணி ஒன்றைத் தேடி எடுத்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டினார்.

அடுத்த மாதம் நிலையத்தின் படகு எஞ்சின் பழுதாகிவிட, அதைப் பணிப்பாளரும் நானும் அதே கடைக்குக் கொண்டுபோனோம். சுவரில் தன் கையொப்பத்தையும் அதன் கீழே சிபானாவையும் கண்ட பணிப்பாளரின் முகம் வெளிறியது.

"கட்டுப்பாட்டுக் குழு வேலை செய்கிறதே," என்றார் என் காதில். பிறகு அவளிடம், "தங்கச்சி, யாரைக் கேட்டு முன்னேறினீர்கள்?"

"நீங்கதானே சேர் கையெழுத்துப் போட்ட."

சாள்ஸ் அண்ணன் நடுவே வந்தார். "சேர், உங்கட சான்றிதழில ஒரு பிழை கிடக்கு. கம்பெனிக்காரன் திங்கக்கிழமை வாறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. மூண்டும் ஒரே கதையைச் சொல்லாட்டி இந்தப் பிள்ளையை நான் வீட்ட அனுப்பத்தான் வேணும்."

சிபானா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது துடைபட்ட பிறகும்.

நிலையத்தின் ஆவணத்தில் மொழிகள் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது பணிப்பாளரால் தாங்க முடியாத செய்தி. "தம்பி," என்றார் என்னிடம், "இன்றே திருத்துங்கள். மூன்று மொழிகளும் ஒத்துப்போக வேண்டும்."

எந்த மொழியோடு என்று அவர் சொல்லவில்லை. கேட்பது மேலதிகாரிக்கு மரியாதையில்லை. அன்று பின்னேரம், இந்நாட்டில் முதன்முறையாக என்று நான் நம்புகிறேன், தமிழுக்கு ஏற்ப மற்ற இரு மொழிகளும் திருத்தப்பட்டன. பணிப்பாளர் எதையும் எண்ணிப் பார்க்காமல் கையொப்பமிடமாட்டார். மொழிகளை எண்ணினார். மூன்று இருந்தன. கையொப்பமிட்டார். திங்கட்கிழமை கம்பெனிக்காரன் சுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான்.

இறுதி அறிக்கை இப்போது திருத்தப்பட்டு வெளிவந்துள்ளது. பயிற்சி பெற்றோரில் வேலை பெற்றவர்: ஒருவர். பயிற்சி பெறாதோரில் வேலை பெற்றவர்: ஒருவர். இரண்டும் ஒரே ஆள் என்பதைப் பன்மைத்துவம் கருதி நாங்கள் குறிப்பிடவில்லை. 'மாற்றம்' என்ற அத்தியாயத்தில், பணிப்பாளருக்குப் பதவி உயர்வோடு கொழும்புக்கு மாற்றம் கிடைத்தது பதிவாகியுள்ளது.

மூலத் தரவுகளைப் பின்னிணைப்பாகத் தட்டச்சு செய்யும் பணி எனக்கு வந்தது. அதில் சிபானாவின் விண்ணப்பமும் இருந்தது. 'நிலையத்தை அணுகும் வழி: எதிர்வீடு. கூப்பிட்டால் கேட்கும்.' ஆய்வு விதிமுறைப்படி ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே, அதன்மேல் நிலையம் எடுத்த நடவடிக்கையையும் குறிக்க வேண்டும். ஐந்து வருடக் கோப்புகளையும் புரட்டிப் பார்த்து, எழுத்துப் பிழையில்லாமல் குறித்தேன்:

'கூப்பிடவில்லை.'