பல்பரில் போட்ட பப்பாளி

கொட்டச்சேடு,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் ஆண்டனி ராஜுக்கு,

மாதாவின் தயவால் இங்கே உன் அக்கா தேவகுமாரி நலம், மிளகுக்கொடிகளும் நலம். சேலத்தில் உன் வீட்டார் அனைவரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால் இதைச் சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என் மகள் ஆன்மேரி. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள், ரோட்டைப் பார்த்த எங்கள் முன்னறையில் ஸ்மூத்தி கடை போடப் போகிறாளாம். ஸ்மூத்தி என்றால் பழத்தைப் பாலோடு மிக்ஸியில் கூழாக அடித்துக் குடிப்பது. எனக்குப் பல் இருக்கிறது, ஆகவே அதன் அவசியம் புரியவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ரிட்டையரானவன் காலையில் காபியோடு உட்கார ஒரு நாற்காலி வேண்டும் இல்லையா, அது அந்த முன்னறையில்தான் கிடக்கிறது. கடை வந்தால் நாற்காலி எங்கே போகும் என்று கேட்டேன். அவள் பதிலுக்கு வரலாறு சொன்னாள். "அப்பா, நூறு வருசத்துக்கு முன்னால அமெரிக்காவுல பாலும் மால்ட்டும் கலக்கறதுக்குன்னு ஒருத்தரு சுத்தற பிளேடு வெச்சு மிசின் பண்ணுனாருங்க. அப்பறம் கலிஃபோர்னியாவுல சத்துணவுக் கடைக்காரங்க அதுல பழத்தப் போட்டாங்க. ஃபிரிட்ஜ் வந்தப்பறம் ஐஸாட்டம் ஒறஞ்ச பழத்தையும் போட்டாங்க." நான் முழுவதும் கேட்டேன். உன் அக்கா இத்தனை வருடம் பழைய சோற்றை மோரில் கரைத்துக் கொடுத்ததை அந்த வரலாற்றில் யாரும் சேர்க்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாதா கோயில் திருவிழாவன்று பூசை முடிந்து நம் வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து ருசி காட்டுவதாக ஆன்மேரி சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பப்பாளி, கொய்யா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் நறுக்கித் தயாராக இருக்கிறது, ஃபாதரும் வந்து உட்கார்ந்துவிட்டார், அந்த நேரம் பார்த்துக் காற்றில் சில்வர் ஓக் மரம் ஒயரில் விழுந்து கரண்ட் போய்விட்டது. பிள்ளை முகம் சுண்டிப்போனது. கடை வேண்டாம் என்பது வேறு, பத்துப் பேர் முன்னால் என் பிள்ளை தலைகுனிவது வேறு. கொட்டகையில் காபிப்பழம் உரிக்கிற கைப் பல்பர் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். "பழம்னா எல்லாம் பழந்தான், போடு கண்ணு," என்று விதை நீக்காத பப்பாளியைக் காட்டினேன். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுவேல் கைப்பிடியைப் பிடித்தார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் காபித் தோட்டக்காரர்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, "இன்னும் ஓங்கிச் சுத்துங்க" என்று உற்சாகம் வேறு.

மச்சான், பல்பரின் வேலை உனக்குத் தெரியும். கொட்டையை முன்னால் கொடுக்கும், சதையைப் பின்னால் தள்ளும். அது அன்றைக்கும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. முன்னால் வைத்த பாத்திரம் நிறையப் பப்பாளி விதை. குடிக்க வேண்டியதெல்லாம் பின்பக்கம் காபித்தோல் கொட்டுகிற குழிக்குப் போய்விட்டது. ஃபாதர் எட்டிப் பார்த்து, "கொட்ட நல்லா வந்திருக்குதுங்க ரைட்டரே, காய வெச்சிரலாமுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆன்மேரி மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உன் அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். மறுநாள் பொன்னுவேல் வந்து, "ஏனுங்க, எம்பட மாடு அந்தக் குழிய உட்டு நகர மாட்டீங்குதுங்க, மறுக்கா எப்பப் போடுவீங்க?" என்று கேட்கிறார். ஸ்மூத்திக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே வாடிக்கை அந்த மாடுதான்.

ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை மலையேறி வர வேண்டும். நான் ஒரு மாதமாகச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. தாய்மாமன் வாய்ச்சொல் என்றால் கேட்பாள். கடை வேண்டாம் என்று எடுத்துச் சொல்லி, அவளைப் பழைய வேலைக்கே அனுப்பி வைத்துவிட்டுப் போ. குழந்தைகளுக்கு என் ஆசி. உன் வீட்டாருக்கு என் அன்பு. மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் மாமா
ஜேசுதாஸ்

பி.கு.: இதை மடித்துக்கொண்டிருக்கும்போது ஆன்மேரி வந்தாள். "நீங்க சொன்னதே சரிங்கப்பா. பழைய கம்பெனியில கேட்டேன், திங்கக்கெழம வந்து சேரச் சொல்லிட்டாங்க," என்றாள். நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன், மடித்த கடிதத்தைத் திரும்பப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இல்லாத வீட்டில் நானும் உன் அக்காவும் எத்தனை காபிதான் குடிப்பது? மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக்கே வா. போக வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். போ போ என்று ஒரு மாதமாகச் சொன்ன வாயால் நான் எப்படிச் சொல்வது? மிக்ஸியில் முதலில் பாலை ஊற்றிவிட்டு அப்புறம் பழத்தைப் போட்டால்தான் பிளேடு சிக்காதாம், அதைக் கற்றுக்கொண்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவை. நாற்காலியைத் தூக்கிக் கொட்டகையில் போட்டுவிட்டேன். முன்னறை காலியாக இருக்கிறது.