தரகர் காப்பாற்றிய ஒரே விலை

பங்குகளை விற்க வேண்டும். சேர்த்து வைத்த பணத்தோடு விற்று வருவதையும் போட்டு ஒரு கிரைண்டர் வாங்க வேண்டும். ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டித் தோள்பட்டை கழன்றுவிடும் நிலையிலிருந்த எனக்கு, அன்றைய வேலை இவ்வளவுதான்.

தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பங்குத் தரகர் இருந்தார். தாம் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் வாசல் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பார். எதற்கும் கேட்டுவிடுவோமென்று ஸ்ரீரங்கத்திலிருந்து போன் செய்தேன்.

"இருபத்திரண்டு ரூபாய்க்கு எடுத்துக்கறேன். வாங்கம்மா!"

பஸ் பிடித்துப் போனேன்.

"பத்தொன்பதுதாம்மா."

"இருபத்திரண்டுன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். நீங்க காவேரிப் பாலம் தாண்டறதுக்குள்ள இறங்கிடுச்சு."

"பலகையில இன்னும் இருபத்திரண்டுதானே இருக்கு?"

எழுந்து வந்தார். உள்ளங்கையால் அழித்தார்.

"இப்ப இல்லியே!"

மறுநாள் போன் செய்யாமல் நேரிலேயே போய் நின்றேன். பலகையில் இருபத்தொன்று. என் கையிலிருந்த பங்குப் பத்திரங்களைப் பார்த்ததும் அது பதினெட்டு ஆனது.

நான் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவள். ஆகவே யோசித்தேன். விற்பவளைக் கண்டால் விலை இறங்குகிறது. வாங்குபவளைக் கண்டால் ஏறத்தானே வேண்டும்? வாங்குவதுபோல் போய், நல்ல விலையொன்றை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அதே விலைக்கு என்னுடையதை அவர் தலையில் கட்டிவிடுவது! இப்படியொரு மூளை எனக்கு இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள், பத்திரங்களைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் கிரைண்டர் கடைக்குப் போவதாகத் திட்டம். சேர்த்த பணமும் அதே பையில்.

"இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கலாம்னு இருக்கேன். என்ன விலைங்க?"

"இருபத்தாறும்மா."

"சொன்ன விலை மாறாதே?"

"வாக்குன்னா வாக்குதாங்க."

"எனக்கும் அப்படித்தான்."

"அப்ப முடிச்சாச்சு!"

இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுப் பத்திரங்களை எடுத்து, படிவத்தில் என் பெயரை எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, இருங்க! நான் விக்க வந்தவ! அந்த இருபத்தாறுக்கு என்னோடத எடுத்துக்குங்க!"

"அது வாங்கறவங்களுக்குச் சொன்ன விலைம்மா. விக்கிறவங்களுக்குப் பதினேழு." பிறகு, காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி மனம் நொந்து கேட்டார்: "படிச்சவங்களே இப்படி வாக்கு மாறினா எப்படிங்க?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் 'ச்சு' கொட்டவே செய்தார். கைப்பையைத் திறந்தேன்.

வீட்டில் நுழைந்ததும் என் கணவர், "கிரைண்டர் எங்க?" என்றார்.

பையிலிருந்த பத்திரங்களை, பழையதும் புதியதுமாக, எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாக நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

"உளுந்து ஊறிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.