இருபதாவது நிமிடம்

பிரசங்கத்தின் இருபதாவது நிமிடத்தில், நூறு வயதான அந்த ஆர்கன் திடீரென்று முனகியது. போதகர் அவசரமாக "ஆமென்" சொல்லி முடித்தார். ஆராதனை கலைந்ததும் நேரே மெக்கானிக்கிடம் வந்தார்.

"மூணு மாசமா பிரிச்சுப் போட்டு மாட்டினீங்களே, இதுக்குத்தானா? நான் சொல்ல வந்ததுல பாதிகூடச் சொல்லல!"

மெக்கானிக் சொந்தமாக எடுத்துச் செய்யும் முதல் ஆர்கன் இது. இன்னும் இரண்டு வாரத்தில் பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து ஒருவர் இதைக் கேட்டுப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் அவர்களுடைய பெரிய ஆர்கனும் இவர் கைக்கு வரும். பிடிக்காவிட்டால் பழைய முதலாளியிடமே போய் ஸ்க்ரூ பொறுக்க வேண்டியதுதான்.

மறுநாள் ஆர்கனுக்குள் காற்றை ஊதும் துருத்தியைக் கழற்றினார். தோல் ஓரிடத்தில் விட்டிருந்தது. புதுத் தோல் ஒட்டினார். ஆர்கன் வாசிக்கும் போதகரம்மா டீ கொண்டுவந்தார். அதிர்ந்து பேசாத மனுஷி.

"தம்பி, காலால மிதிக்கிற கட்டைங்கள்ல கடைசி ஒண்ணு மட்டும் ரொம்பக் கெட்டியா இருக்கு."

"எண்ணெய் போட்டுடறேம்மா."

அடுத்த ஞாயிறு முனகல் வரவில்லை. அதே இருபதாவது நிமிடத்தில் மாடு கத்துவதுபோல் வந்தது.

"சரி பண்ணச் சொன்னா, சத்தத்தக் கூட்டி வெச்சிருக்கீங்களே!" என்றார் போதகர்.

மெக்கானிக் விடுவதாக இல்லை. சத்தம் வந்த, இருப்பதிலேயே நீளமான குழாயை இறக்கி, உள்ளேயிருந்த புறாக்கூட்டை எடுத்து, பளபளவென்று துடைத்தார். வாரம் முழுக்க அதன் பக்கத்தில் காதை வைத்துக் காத்திருந்தார். அது வாயே திறக்கவில்லை.

"வார நாள்ல ஊமை. ஞாயித்துக்கிழமை மட்டும் வாயாடியா நீ?"

"கவலப்படாதீங்க தம்பி," என்று தேற்றினார் போதகரம்மா. "அந்தக் கடைசிக் கட்டை இப்ப பூ மாதிரி இருக்கு."

அந்த ஞாயிறும் வந்தது. பக்கத்து ஊர் அம்மா நோட்டும் பேனாவுமாக வந்து மெக்கானிக்கின் அருகில் உட்கார்ந்தார். முதல் பாட்டில் ஆர்கன் எழுப்பிய நாதத்தில் சபையே நிமிர்ந்து பார்த்தது. மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பிரசங்கம் தொடங்கியது. பத்து நிமிடம். பதினைந்து. மெக்கானிக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

இருபது. கப்பல் கிளம்புவதுபோல் ஒரு முழக்கம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடத்தது. போதகர் பாதி வாக்கியத்தில் "ஆமென்" என்றார்.

எல்லாம் போச்சு என்றே நினைத்தார் மெக்கானிக். ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று கையைக் கூப்பினார்.

"அம்மா, குழாய்ல ஒரு குறையும் இல்லீங்க. ஒரே ஒரு வாரம் குடுங்க, எப்படியாவது அந்தச் சத்தத்த நிறுத்திடறேன்."

அந்த அம்மா நோட்டை மூடிவிட்டு, ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த போதகரம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயையோ, அதுல மட்டும் கைய வெச்சுடாதீங்க! அது எங்க அக்காவோட கால். எங்க சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறது நான், ஒண்ணேகால் மணி நேரம் பிரசங்கம் பண்றது என் வீட்டுக்காரர், எனக்கும் கடைசிக் கட்டைய இதே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."