ஓசி சாரும் கண்மாய்க்கரை முதல் மார்க்கும்

இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பொருள் ஒன்று எங்கள் ஓசி சாரின் கண்ணில் படாமல் தப்பியதாகச் சரித்திரமே கிடையாது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில், நிறுத்துவதா வேண்டாமா என்று பஸ் டிரைவர் யோசிக்கும் ஓர் இடத்தில் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே நான் தமிழாசிரியை, அவர் அறிவியல். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் டீக்கடைக்காரருக்கும் அவர் ஓசி சார். அவரே போனை எடுத்தால், "ஓசி பேசுறேன்" என்பார்.

"உலகமே சும்மா தாரேங்குது டீச்சர். வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" இதுதான் அவருடைய கொள்கை விளக்கம்.

பள்ளிக்குள் சிக்னல் வராது. பாளையம்பட்டியில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அன்றைய பாடத்துக்கான வீடியோக்களை எல்லாம் இறக்கிக்கொள்வார். இறங்கி முடியவில்லை என்றால் வந்த பஸ்ஸை விட்டுவிடுவார். தாமதத்துக்கு அவர் சொன்ன காரணங்களில் பாதி, "தொண்ணூறு சதவீதம் வந்துருச்சு, விட்டுட்டு எப்படி டீச்சர் ஏறுறது?" என்பதுதான்.

கொரோனா காலத்தில் இலவசமாக வகுப்பு எடுக்கும் செயலி ஒன்றைப் பிடித்தார். அது நாற்பது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நேரில் பாடம் நடத்தும்போதும் நாற்பது நிமிடம் ஆனதும், "ஆகவே தாவரம் மூச்சு..." என்று பாதியில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்து நடப்பார். தாவரம் மூச்சு விட்டதா இல்லையா என்று மறுநாள்வரை யாருக்கும் தெரியாது.

இதயத்தைப் பற்றி ஒரு படம் தயாரித்தார். மென்பொருள் ஓசி என்பதால் 'இது இலவசப் பதிப்பு' என்று ஆங்கிலத்தில் குறுக்கே சாய்வாக எழுத்து விழுந்தது. காலாண்டுத் தேர்வில் இதயம் வரையச் சொன்னார்கள். பாதி வகுப்பு அந்தச் சாய்வெழுத்தையும் சேர்த்து, அடிக்கோலை வைத்து அழகாக வரைந்திருந்தது. தலைமையாசிரியை விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன சார், இதயத்துக்கு நடுவுல?"

"கண்ணால பாத்ததை அப்படியே வரைஞ்சிருக்கான் டீச்சர். கவனத்தைப் பாருங்க!"

மார்க்கும் போட்டிருந்தார்.

பிறகுதான் வினாடி வினா வந்தது. பத்தாம் வகுப்புப் பெற்றோரின் போன்களைச் சேர்த்து ஒரு குழு. காலையில் ஒரு சின்ன வீடியோவும் ஐந்து கேள்விகளும் அனுப்புவார். பதில் போட்டால் உடனே மார்க்கு வரும். ஓசி சார் அசந்துபோனார். வகுப்பில் வாயே திறக்காத முத்துப்பாண்டி தினமும் முதல் மார்க்கு. "பாத்தீகளா, பய உள்ளுக்குள்ள தீயா இருந்திருக்கான்!" என்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் போனை நீட்டினார். நாங்கள் பார்க்கும்வரை நகரமாட்டார்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. அறிவியலில் முக்கால்வாசிப் பேர் பெயில். முத்துப்பாண்டிக்கு ஒற்றை இலக்கம்.

தலைமையாசிரியை சத்தம் போடவில்லை. "பொதுத்தேர்வுக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. போன் விளையாட்டு போதும் சார். குழுவக் கலைச்சிருங்க" என்றார். ஓசி சார் தலையாட்டினார். அன்று டீக்கடையில் டீ ஆறிக்கொண்டிருக்க அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் கேள்வி போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண்மாயில் நூறு நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர், கையிலும் காலிலும் காய்ந்த மண்ணோடு, நாங்கள் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை அறைக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் பேச்சியம்மாள், முத்துப்பாண்டியின் அம்மா.

"சார், இன்னைக்கிக் கேள்வி வரலயே. ஒடம்புக்கு முடியலயா?"

ஓசி சார் விழித்தார். "முத்துப்பாண்டி கேக்கச் சொன்னானா?"

"அவனுக்கு என்ன தெரியும்? போனு எங்கிட்டல்ல இருக்கு. தெனமும் மொத மார்க்கு எடுக்குறது நாந்தேன்."

"ஏத்தா, புள்ளைக போடவேண்டிய பதில நீங்களா போட்டீக?"

"பின்ன? அட்டை ஒட்டியாரச் சொன்னாலும் எரிமலை செஞ்சாரச் சொன்னாலும் நாங்கதேன செஞ்சு குடுக்குறோம். இதும் எங்களுக்குத்தேன்னு நெனச்சோம். பேரு கேட்டுச்சு, புள்ளை பேரப் போட்டோம்."

பின்னால் நின்ற ஒருத்தி, "இவ எங்களுக்குக் காட்ட மாட்டேங்குறா சார், மறைச்சு மறைச்சு அமுக்குறா" என்று பிராது கொடுத்தாள்.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "அப்ப நிறுத்துனது சரிதான் சார்."

பேச்சியம்மாள் அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நிப்பாட்டிறாதீக டீச்சர். எட்டாப்போட எம் படிப்ப நிறுத்திட்டாக. அதுக்கப்பறம் கொழம்பு ஆச்சா, தண்ணி புடிச்சியான்னுதேன் எல்லாரும் கேக்காக. இந்தச் சாரு ஒருத்தருதேன், ரத்தம் எப்படி ஓடுதுன்னு எங்கிட்டக் கேட்டாரு."

ஓசி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

தலைமையாசிரியைதான் முடிவு சொன்னார். "மத்தியானம் உங்களுக்கு. சாயந்தரம் அதே கேள்வி புள்ளைகளுக்கு. பக்கத்துல உக்காந்து பாக்கணும். போன்ல நீங்க வெரல வச்சீக, குழுவக் கலைச்சிருவேன்."

அந்த இரண்டு மாதமும் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விடை தெரிந்த அம்மா பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்தால் எந்தப் பிள்ளை தப்பிக்கும்? பொதுத்தேர்வில் அறிவியலில் எல்லோரும் தேறிவிட்டார்கள். முத்துப்பாண்டி எடுத்த மார்க்கைக் கேட்டு, "நான் எழுதியிருந்தா இன்னும் கூட வந்திருக்கும்" என்று பேச்சியம்மாள் குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு ஓசி சார், "நீங்களும் தனித்தேர்வு எழுதுங்கத்தா" என்றார். இப்போது பேச்சியம்மாள் பத்தாம் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

போன ஆண்டு ஓசி சாருக்குப் பாலவனத்தம் பக்கம் மாறுதல் வந்தது. அங்கிருந்தும் மதியக் கேள்வி நிற்காமல் வருகிறது. நானும் அந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். பேச்சியம்மாளுக்கு ரொம்பக் கீழே இருக்கிறேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்றாவது கேள்வி வரத் தாமதமானால்தான், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், சிக்னல் கிடைக்கும் சாலையோரம் வந்து நின்று, மனிதருக்கு என்ன ஆச்சோ என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.