தொதலுக்குக் கிடைத்த அட்மிஷன்

அன்புள்ள மச்சான் ஹசன் அலி அவர்களுக்கு,

துபாய் தேராவிலிருந்து கௌஸ் முகைதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ஜுலைஹாவும் மகள் ஹிஃப்ஸாவும் நலம். கீழக்கரையில் அனைவரும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். என் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும், நீங்கள்தான் மாட்டினீர்கள்.

"நல்லாப் படிக்கிற புள்ளை, பெரிய ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க மச்சான், கேட்டா என்ன குறைஞ்சா போகும்?" என்று போனில் சொன்னது நீங்கள்தானே? கேட்டேன். ஊரை இரண்டாய்ப் பிரிக்கிற க்ரீக் கழிக்கு அந்தப்பக்கம், வில்லாக்களுக்கு நடுவே நீச்சல் குளத்தோடு இருக்கிற பள்ளிக்கூடம். பரீட்சை வைத்தார்கள், ஹிஃப்ஸா தேறிவிட்டாள், எங்களை வரச்சொன்னார்கள். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போவது நம் வழக்கமா? நீங்கள் அனுப்பிய தொதல் அல்வாவைப் பெரிய சஹன் தட்டில் அடுக்கி, ஜரிகைத் துணி போர்த்தி, மூவரும் நம் மசாலாக் கடை வேனில் போய் இறங்கினோம். காவலாளி வேனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், "பாய், டெலிவரி பின் கேட்" என்றார். நான் "அட்மிஷன், அட்மிஷன்" என்று கத்த, அவர் "அச்சா, அச்சா, பின் கேட்" என்று கைகாட்ட, பின்னால் போனால் கேன்டீன் ஆள் தட்டை வாங்கி, நோட்டில் எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார். தொதலுக்கு அட்மிஷன் ஆகிவிட்டது மச்சான், பிள்ளைக்குத்தான் ஆகவில்லை.

விடுவேனா? சுற்றிவந்து முன்வாசல் வழியாகவே நுழைந்தேன். சுவர் முழுக்க நூறு நாட்டுக் கொடிகள். அங்கிருந்த அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இடம் இருக்கிறதாம், ஃபீஸ் கட்டலாமாம் (பாதியை உங்கள் தங்கையின் வளையல் பார்த்துக்கொள்ளும் என்று முடிவு செய்திருந்தோம்), ஆனால் பள்ளி பஸ் தேராவுக்கு வராதாம், எல்லாரும் பக்கத்து வில்லாப் பிள்ளைகளாம், ஹிஃப்ஸா அவர்களோடு ஒட்டுவாளா என்று நாங்கள் யோசிக்க வேண்டுமாம். தினமும் நானே கொண்டுபோய் விட்டால் கடையை யார் திறப்பது? "ஒரு திர்ஹம் குடுத்தா அப்ராப் படகே க்ரீக்கைத் தாண்டுது மேடம், உங்க அத்தாம்பெரிய பஸ்ஸுக்குத் தாண்டத் தெரியாதா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். ஹிஃப்ஸா அதை நல்ல இங்கிலீஷில் இன்னொரு தரம் கேட்டாள்.

இங்கே ஹிஃப்ஸா இப்போது படிக்கிற நம் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், நாற்பதும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட். அங்கே நூறு கொடி, ஒன்றின் கீழும் எங்கள் தெருப் பிள்ளை கிடையாது. வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டு வாடகையும் பஸ் ரூட்டும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. நான் அடங்குகிற ஆள் இல்லை. அடுத்த வருஷமும் மனுப் போடுவேன், அதே வேனில், அதே முன்வாசலுக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு போவேன். பஸ் கொஞ்சம் சுற்றிப்போக வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை மறிக்கிறவர்களுக்கு ஈவு இரக்கம் உண்டா?

மாமிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ. வஸ்ஸலாம்.

பி.கு.: இதைப் படித்துப் பார்த்த ஹிஃப்ஸா ஒன்று கேட்கிறாள். ஏசி மெக்கானிக் பொன்னுச்சாமி தன் மகளை நம் பள்ளியில் சேர்த்திருக்கிறார், குடியிருப்பது தொழிற்பேட்டைப் பக்கம். அங்கேயும் பஸ் நின்று அவளை ஏற்றிக்கொண்டு வந்தால் நம் பிள்ளைகளுக்கு இருபது நிமிஷம் தாமதமாகும், நிற்கக் கூடாது என்று போன வாரம் பெற்றோர் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது வாப்பா என்கிறாள். என்னுடையதுதான். நாளைக் காலையில் பள்ளிக்குப் போய் அந்தக் கையெழுத்தை அடித்துவிடுகிறேன். நீங்கள் இன்னொரு தட்டுத் தொதல் அனுப்புங்கள். பொன்னுச்சாமி வீட்டுக்கு வெறுங்கையோடு போக எனக்கு முகம் இல்லை.