பெரிலுக்கு முடியவில்லை

அந்த வருஷம் நெவில் ரட்டரை மண்ணைக் கவ்வ வைப்பது என்று ரே ஹெஸ்லப் தீர்மானித்திருந்தார். அதுவும் சும்மா இல்லை. தொழிலாளர் கிளப்பின் லீக்ஸ் போட்டியில், ஊரே கூடி நின்று பார்க்கும்போது கவ்வ வைப்பது.

லீக்ஸ் என்றதும் கடையில் ரப்பர் பேண்ட் போட்டு விற்கிற, வெங்காயத்தாள் மாதிரியான ஒல்லிப்பிச்சானை நினைத்துக்கொள்ளக் கூடாது. டர்ஹாம் பக்கத்துப் பழைய சுரங்க ஊர்களில் ஆண்பிள்ளைகள் போட்டிக்கு வளர்க்கிற லீக்ஸ் வேறு ரகம். வெங்காயத்துக்குப் பெரியப்பா மாதிரி உருண்டு திரண்டு இருக்கும். ஒன்றைத் தூக்க இரண்டு கை வேண்டும். அதற்குப் பீரும் பழுப்புச் சர்க்கரையும் ஊட்டுவார்கள். ரே வாடகைக்கு எடுத்திருந்த அலாட்மென்ட் தோட்டத்தில் இருந்த மூன்று லீக்ஸுக்கும் தினம் காலையில் குட்மார்னிங் சொல்வார். மனைவி பெரிலுக்குச் சொல்வதில்லை. அவள் அதற்குள் பேக்கரிக்கு வேலைக்குப் போய்விடுகிறாள் என்பது அவர் தரப்பு நியாயம்.

பக்கத்துத் தோட்டத்து நெவில் ஏழு வருஷமாக முதல் பரிசு. ரே ஏழு வருஷமாக இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்குக் கைப்பிடி வைத்த வெள்ளிக் கோப்பை. இரண்டாம் பரிசுக்கு ஒரு டோஸ்டர். ஹெஸ்லப் வீட்டு அலமாரியைத் திறந்தால் ஏழு டோஸ்டர்கள் வரிசையாக உட்கார்ந்து ரேவைப் பார்க்கும்.

இந்த நிலைமையில்தான் ஜூலைக் கடைசியில் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. செப்டம்பரில் முதல் இரண்டு வாரம், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற பன்னிரண்டு பேரில் ஒருவராக, ஜூரியாக வந்து உட்கார வேண்டுமாம். போட்டி அந்த இரண்டாவது வாரத்துச் சனிக்கிழமை.

கடைசி இரண்டு வாரம் லீக்ஸுக்குப் பிரசவ காலம் மாதிரி. தண்ணீர் கொஞ்சம் கூடினால் வெடித்துவிடும், குறைந்தால் சுருங்கிவிடும். தவிர, ஆளில்லாத தோட்டத்தில் யாரோ புகுந்து லீக்ஸைக் கத்தியால் கீறிவிட்டுப் போன கதைகளும் அந்த ஊரில் உண்டு. தான் கோர்ட்டில் உட்கார்ந்து எவனோ ஒரு திருடனை விசாரித்துக்கொண்டிருக்க, நெவில் எட்டாவது கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதை ரே மனக்கண்ணால் பார்த்தார்.

கூடவே வந்த படிவத்தில், வர முடியாது என்றால் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. உண்மையை எழுதியிருக்கலாம். ஆனால் சட்டம் படித்தவர்கள் முன்னால் லீக்ஸ் என்று எழுத ரேவுக்கு வெட்கமாக இருந்தது. தனக்கே வியாதி என்று எழுதினால், அவர் பராமரிப்பு வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குச் சேதி போய்விடும். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு உடம்புதான்.

"என் மனைவி பல மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறாள். டீ போடக் கெட்டிலைக்கூட அவளால் தூக்க முடியாது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் கதி என்ன ஆகும் என்று நினைக்கவே நடுங்குகிறது" என்று எழுதினார். திருப்பிப் படித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் பெரில் பேக்கரியில் மைதா மூட்டைகளை இரண்டு இரண்டாகத் தோளில் போட்டு இறக்கிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை மூன்று தெரு தள்ளியிருந்த தபால்பெட்டியில் போட்டார். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த மனுஷர் பதில் எங்கே வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்த வீட்டுக்கு வருகிற தபாலை எல்லாம் முப்பத்தொரு வருஷமாகப் பெரில்தான் பிரிக்கிறாள்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை தோட்டத்திலிருந்து ரே வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"செல்லம், இப்படி உட்காரு" என்றாள்.

அந்த ஊரில் பஸ் டிரைவரிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாரும் எல்லாரையும் செல்லம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரில் மட்டும் அந்த வார்த்தையைச் சேமித்து வைத்திருந்தாள். கல்யாணத்தன்று ஒரு தடவை சொன்னாள். ரே புதுக் காரைக் குளத்தில் இறக்கிய அன்று ஒரு தடவை. இது மூன்றாவது. ரே உட்கார்ந்தார்.

"கோர்ட்லேர்ந்து எழுதியிருக்காங்க. யாரோ ஒரு பாவப்பட்ட பொம்பளை. படுத்த படுக்கையாம். கெட்டில்கூடத் தூக்க முடியாதாம். புருஷன்காரன் தங்கமான மனுஷன் போலிருக்கு."

"பெரில், அது வந்து..."

"வந்துடுச்சு. நான்தான் படிச்சுட்டேனே. அந்தப் பொம்பளை தன் கைப்பட ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா உன்னை விட்டுடுவாங்களாம்."

"ஒரே ஒரு வரிதானே. போட்டுடேன்."

"பொய்யின்னா அபராதம்னு கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு. நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப என்னைக் கைவிட்டுடுவியா?"

"யார் சொன்னா? அதை நெஜமாக்கிட்டுப் போடறேன். மொதல்ல நான் படுத்துக்கறேன். கொஞ்ச நாள் ஒழுங்காப் படுத்திருந்தா மனசாட்சி உறுத்தாமப் போடலாம் பாரு. பேக்கரிக்கு லீவு சொல்லிட்டேன்."

ரேவுக்கு உள்ளூரச் சந்தோஷம். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குத் தலையணையைத் தட்டி வைத்தவரும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் ஓட்டை என்று ஒதுக்கிய பழைய கைமணி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து, வேண்டும் என்றால் அடி என்று கொடுத்தவரும் அவர்தான்.

மணி ஓட்டை இல்லை. முதல் நாள் அது பதினெட்டுத் தடவை அடித்தது. டீக்கு ஒரு தடவை, டீயில் பால் அதிகம் என்று ஒரு தடவை, ஜன்னலைத் திறக்க ஒரு தடவை, திறந்த ஜன்னல் வழியாக அடுத்த வீட்டில் என்ன சண்டை என்று கேட்டுவர ஒரு தடவை. பதின்மூன்று படி ஏறி இறங்கி ரேவின் முட்டி கழன்றது. இரண்டாம் நாள் துணி துவைத்தார். வெள்ளைச் சட்டை நாலும் பெரிலின் சிவப்புக் கம்பளிச் சட்டையோடு உள்ளே போய், வெளியே வரும்போது எல்லாம் ஒரே குடும்பமாக வந்தன. மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு கரிந்தது. மறுநாள் பேக்கரிப் பெண்கள் நாலு பேர் கேக்கோடு பார்க்க வந்தார்கள். கேக்கை அவர்களே சாப்பிட்டார்கள். தட்டை ரே கழுவினார். போகும்போது ஒவ்வொருத்தியும் அவர் கையைப் பிடித்து, எங்கள் வீட்டிலும் இருக்கிறதே ஒன்று என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

தோட்டத்துக்கு அவர் ஐந்து நாளாகப் போகவே இல்லை. ஆறாம் நாள் நெவில் வந்தான், ஒரு கொத்துத் திராட்சையோடு.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்குப்பா" என்றான். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. "உன்னைத் தோட்டத்துப் பக்கமே காணோம். உன் லீக்ஸ் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. என்னோடது இந்த வாரம் ஒரு சுத்துப் பெருத்துடுச்சு."

அவனை வழியனுப்பிக் கதவைச் சாத்திய ரே ஏப்ரன்கூட அவிழ்க்காமல் மாடி ஏறினார். பெரில் கடைசித் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரில், நான் ஜூரிக்கே போறேன்."

"நல்லா யோசிச்சுட்டியா? கெட்டிலை யாரு தூக்குவா?"

"நீ எழுந்திரு, அது போதும். பேனா எங்கே? வர்றேன்னு இப்பவே எழுதிப் போடறேன்."

"வேண்டாம். நான் போன செவ்வாக்கிழமையே எழுதிப் போட்டாச்சு. என் வீட்டுக்காரர் பண்ணின பணிவிடையில எனக்குப் பூரணமா குணமாயிடுச்சு, அவர் கண்டிப்பா வந்துடுவார்னு."

ரே கணக்குப் போட்டுப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை என்றால் கோர்ட் பதில் வந்த அன்றைக்கு. அவர் தலையணை தட்டி வைப்பதற்கு முன்னாலேயே பதில் தபால்பெட்டிக்குள் விழுந்திருக்கிறது.

"அப்ப ஆறு நாளா எதுக்குப் படுத்திருந்தே?"

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாளும் படுக்கலையே, அதுக்கு."

கோபப்பட வேண்டும் என்று ரே நினைத்தார், வெட்கம்தான் வந்தது. அவளுக்கு உடம்பு சரியில்லாத நாள் ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று தேடிப் பார்த்தார். வரவில்லை. இருந்திருக்காது என்று நம்பவும் அவரால் முடியவில்லை.

பெரில் கால்களைக் கீழே இறக்கினாள். "நீ நிம்மதியாப் போயிட்டு வா. லீக்ஸை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

லீக்ஸுக்கு எப்போது என்ன ஊட்ட வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, செப்டம்பரில் ரே கோர்ட்டுக்குப் போனார். ஒரு டிராக்டர் களவு வழக்கு. இரண்டாம் நாளே அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இடைவேளையில் டிராக்டர் கியரைப் பற்றி அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மற்ற பதினொரு பேரும் அவர் வாக்கியத்தை முடிக்கும் வரை வாயைத் திறக்கவே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி நடந்ததில்லை. ரே நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாளிலிருந்து டை கட்டிக்கொண்டு போனார். ஜூரி வேலை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டாம் வாரம் புதன்கிழமைதான் இடி விழுந்தது. அன்று கமிட்டிக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வந்து, போட்டிக்குப் போகிற லீக்ஸ் மேல் முத்திரை குத்துகிற நாள். முத்திரை இல்லாத லீக்ஸை மேடைப் பக்கமே கொண்டுபோக முடியாது. முத்திரை குத்தும்போது தோட்டத்தில் நேரில் நிற்கிற உறுப்பினர் பெயரில்தான் பதிவு. வேறு ஆளை அனுப்பக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்ததே ரேதான். நெவில் தன் மச்சான் தோட்டத்து லீக்ஸைக் கடத்திக்கொண்டு வருகிறான் என்று சந்தேகப்பட்டு, மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு நிறைவேற்றிய விதி.

இடைவேளையில் ஓடிப்போய் நின்றுவிட்டு வந்துவிடலாம் என்று ரே நினைத்திருந்தார். ஆனால் ஜூரி அன்று தீர்ப்பை யோசிக்க அறைக்குள் போய்விட்டது. வாசலில் காவல், போன்களை எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள். ரே காவலுக்கு நின்ற அம்மாளிடம் மெல்ல விஷயத்தைச் சொல்லி, ஒரு மணி நேரம் மட்டும் விட முடியுமா என்று கேட்டார்.

"லீக்ஸா? இதை மொதல்லயே எழுதியிருக்கக் கூடாதாங்க? அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட்டுக் கொடுத்திருப்பாங்களே" என்றாள் அந்த அம்மாள். "எங்கப்பாவும் லீக்ஸ்தான். இப்ப முடியாதுங்க, உள்ளே போங்க."

சாயங்காலம் ரே எட்டாவது டோஸ்டர்கூட இல்லாத மனுஷராக வீடு திரும்பினார். பெரில் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள்.

"முத்திரை குத்தியாச்சு" என்றாள், திரும்பாமலே.

"நெஜமாவா? நான் இல்லாம எப்படி?"

"வளர்க்கற ஆள் நேர்ல நின்னாப் போதுமாம். உன் நாலு பக்கத்துல பீர்னு இருந்ததை எல்லாம் நான் எடுத்துக்கிட்டேன். தண்ணின்னு இருந்ததை அதுங்களுக்குக் கொடுத்தேன். நல்லாத்தான் வந்திருக்கு."

ரே அதை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினார். கரண்டியிலிருந்த குழம்பு சுவரில் தெறித்தது, அதற்குக்கூடத் திட்டு விழவில்லை.

சனிக்கிழமை கிளப் நிரம்பி வழிந்தது. கறுப்பு வெல்வெட் துணி மேல் லீக்ஸ் எல்லாம் குளித்துத் தலை சீவின மாதிரி படுத்திருந்தன. நடுவர் நாடா வைத்து அளந்து அளந்து குறித்துக்கொண்டார். செயலாளர் மைக்கைப் பிடித்தார். இரண்டாம் பரிசு நெவில் ரட்டர் என்றார்.

நெவில் டோஸ்டரை வாங்கிக்கொண்டு, அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். ரே டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். ஏழு வருஷமாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த நன்றியுரையை மனசுக்குள் ஓட்டியபடி மேடையை நோக்கிப் பாதி தூரம் நடந்தும் விட்டார்.

"முதல் பரிசு, நம்ம கிளப்பில் போன மாதம்தான் சேர்ந்த புது உறுப்பினர், பெரில் ஹெஸ்லப்" என்றார் செயலாளர்.

ரே நடுவழியில் நின்றார். முதலில் நெவில் கையிலிருந்த டோஸ்டர் கண்ணில் பட்டது. பிறகு பச்சைக் கவுனில், முகமெல்லாம் சிவந்து மேடை ஏறுகிற பெரில் கண்ணில் பட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அவளுக்கு யாரும் கை தட்டி அவர் பார்த்ததில்லை. அவர் கை தானாகத் தட்ட ஆரம்பித்தது. ஹாலிலேயே பலமாகத் தட்டியது அவர்தான்.

செயலாளர் கோப்பையை நீட்டினார். பெரில் கையை நீட்டவில்லை. மைக்கைத்தான் வாங்கினாள்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா இதை என்னால தூக்க முடியாதுங்க. நான் கெட்டில்கூடத் தூக்க முடியாதவள்னு கோர்ட்லயே எழுத்துல இருக்கு. ரே, செல்லம், மேலே வந்து தூக்கிட்டு வா."