வேலை இல்லை என்று சொல்லப் போன நாள்

"வேலை இல்லாம இருக்கிறதுக்கும் சர்க்கார் காசு குடுக்குதாம்ல. அதுக்கும் ஆள் எடுத்து முடிச்சிருப்பாக."

பழனிசெட்டிபட்டியில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது பின் சீட்டில் யாரோ சொன்னது. நான் மடியிலிருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு ஒரே வேலைதான். தேனி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலையற்றோர் உதவித்தொகைக்கு ஃபாரம் கொடுக்க வேண்டும். கடைசி நாள். கிடைத்தால், ஒவ்வொரு பரீட்சைக்கும் பணம் கேட்டு அப்பா முன்னால் போய் நிற்க வேண்டாம்.

பதிந்து ஐந்து வருஷமாகியும் வேலை கிடைக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகுதியில் என்னை அசைக்க முடியாது.

வரிசையில் எட்டாவதாக நின்றேன். குமாஸ்தா வெளியே வந்து, போன வருஷக் கணக்குப்படிதான் நிதி வந்திருக்கிறது, இந்த வருஷம் ஆள் கூடிப்போச்சு, முந்துகிறவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலையில்லாமல் போவதற்கு முன்னால் அரசாங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் போல.

லோயர் கேம்ப் ஊரிலிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்ற ஒரு அக்கா என் ஃபாரத்தை எட்டிப் பார்த்தார்.

"உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு ஆத்தா. எனக்கும் எழுதிக் குடு."

மாட்டேன் என்ற சொல் எனக்கு வாயில் வராது. ஓரத்து மேசைக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு போய் என் இடத்தில் நின்றார்.

அடுத்து கம்பத்துக்காரர் ஒருவர் வந்தார். அப்புறம் என் மேசைக்கே தனி வரிசை. குமாஸ்தா மகிழ்ந்துபோய் நாற்காலி போட்டார். டீ வந்தது. 'மேடம்' என்றார்கள். ஒருவர், மூன்று தடவை அலையவிட்டதாக என்னைத் திட்டினார். நான் மன்னிப்பும் கேட்டேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு என் ஃபாரத்தை நீட்டினேன். அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏம்மா, காலையிலருந்து அங்கன உக்காந்து வேலை பாத்தது நீதான? பெறகு எப்பிடி வேலை இல்லைன்னு எழுதியிருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், நிதியும் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஃபாரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

சும்மா எழுதிக் கொடுத்ததுதான் என்று குமாஸ்தாவாவது சொல்லுவார் என்று அவரைப் பார்த்தேன்.

அவர், நாளைக்குப் பதிவு புதுப்பிக்க வருகிறவர்களுக்கான ஃபாரக் கட்டைக் கொண்டுவந்து ஓரத்து மேசையில் வைத்தார். நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டு தட்டினார்.